ரெசிஸ்டர்தான் போயிருந்தது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழுது ரெசிஸ்டரில்தான் இருந்தது. அதை நான்தான் கண்டுபிடித்தேன், நான்தான் மாற்றினேன், அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை யார் சொன்னாலும் இந்த மூன்றையும் விட்டுவிட்டு நேராக என் மாமியாரின் தலைக்கு வந்துவிடுகிறார்கள். கேட்பவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். வாயால் சொல்லி அவர்களை ஜெயிக்க முடியவில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் பெயர் கோமதி. ஊர் குடியாத்தம். அப்பாவுக்கு நான்கு விசைத்தறி, நான்கிலும் லுங்கி ஓடும். தறி நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கும் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அதனால் பத்தாவது படிக்கும்போதே நான் ஸ்பேனர் பிடித்துவிட்டேன். பிறகு டிப்ளமோ முடித்து, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். பொண்ணு ஷூ கம்பெனியில் வேலை என்றால் தைக்கிற வேலை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நான் செய்வது, தைக்கிற மெஷின் மக்கர் பண்ணினால் அதைப் பிரித்துச் சரிசெய்யும் வேலை. அந்த மெயின்டனன்ஸ் செக்‌ஷனில் பதினோரு பேர். அதில் ஆண்கள் பத்துப் பேர். (மீதி யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

எனக்கு வரன் பார்த்தபோது கணியம்பாடியிலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை பிரபு, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப்போனது. எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சிக்கல் அவருடைய அம்மாவிடம்தான். கிளம்பும்போது ஆசையாக என் கையைப் பிடித்தவர், விரலைத் திருப்பி நகத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கருப்பா?"

"கிரீஸுங்க அத்தை. மெஷின் கிரீஸு."

"தேச்சா போவாதா?"

"போவும். மறுநாள் வந்துடும்."

அவர் என் கையை மெதுவாகக் கீழே விட்டார். அப்பாவிடம் திரும்பி, "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் இந்த ஸ்பேனர் வேல வேணாமே. பத்து ஆம்பளைங்க நடுவுல, கையெல்லாம் கருப்பா, இன்னாத்துக்கு? உக்காந்து எழுதற வேல எதுனா கெடச்சா பாக்கட்டும். இல்லன்னா வூட்லயே இருக்கட்டும்" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்க வேண்டிய நேரம் அது. நான், "வேலைய வுடமாட்டேங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே ராஜதந்திரம் தள்ளிப்போடுவதுதான். "முகூர்த்தப் பொடவ எடுக்கப் போற அன்னிக்கு ரெண்டு வூட்டுக்காரங்களும் ஒண்ணா இருப்போம். அன்னிக்குப் பேசி முடிச்சிக்கலாம் சம்பந்தி" என்று அதையும் தள்ளிப்போட்டார்.

ஆக, புடவை எடுக்கப் போகும் வெள்ளிக்கிழமை என் தலையெழுத்து தீர்மானமாகும். வேலை வேண்டும் என்றால் மாப்பிள்ளை போகலாம், மாப்பிள்ளை வேண்டும் என்றால் வேலை போகலாம். எனக்கு இரண்டும் வேண்டும். ராத்திரியெல்லாம் இதையே நினைத்துப் பேஜாராகிக் கிடந்தேன்.

இந்த இடத்தில்தான் பாஸ்கர் மாமாவின் வண்டி வருகிறது. பாஸ்கர் மாமா அம்மாவின் தம்பி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு கெமிக்கல் சப்ளை செய்கிறவர். அவரிடம் எட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்று உண்டு. செகண்ட்ஸில் வாங்கியது என்றாலும் அதைக் கப்பல் என்றுதான் சொல்வார். இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் காஞ்சிபுரம் போய்வர இதைவிட வசதி இல்லை. (லுங்கி நெய்கிற வீடுதான், ஆனால் முகூர்த்தப் புடவைக்கு ஊர்விட்டு ஊர் போகத்தான் வேண்டும்.) அந்தக் கப்பலில் ஒரே ஒரு குறை. டிரைவருக்கு முன்னால் ஏசி நன்றாக வரும். பின்னால் இருப்பவர்களுக்காகக் கூரையில் வைத்த துவாரங்களில் காற்றே வராது. மே மாதம், வேலூர் வெயில். நடு சீட்டில் உட்கார்ந்தவர்கள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்து இறங்குவார்கள்.

"கேஸ் போச்சு கோமு" என்றார் மாமா.

எங்கள் பக்கத்தில் எந்த ஏசி நின்றாலும் கேஸ்தான் போகும். ஸ்விட்ச் போடாமல் விட்டாலும் கேஸ்தான் போகும்.

"முன்னாடி ஜில்லுனு வருதே மாமா. ரெண்டுத்துக்கும் ஒரே கேஸுதான். கேஸ் போயிருந்தா முன்னாடியும் வராது."

"அது முன் கேஸு. இது பின் கேஸு."

மாமா வயதில் பெரியவர் என்பதால் அதற்குமேல் நான் பேசவில்லை. ஏசி கடைக்காரரிடம் கேட்டதற்கு, பின்பக்க பேனலையே கழற்ற வேண்டும், மூன்று நாள் வண்டி நிற்கவேண்டும், அடுத்த வாரம் கொண்டு வாருங்கள் என்றாராம். அடுத்த வாரம் சரிப்பட்டு யாருக்கு என்ன லாபம்? எனக்கு வெள்ளிக்கிழமை வேண்டும்.

சரி, நானே பார்க்கிறேன் என்று அப்போதுதான் சொன்னேன். என் மனதில் ஓடிய படத்தையும் சொல்லிவிடுகிறேன். நடு சீட்டில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேலிருந்து ஜில்லென்று காற்று வருகிறது. "யாரு சரிபண்ணது?" என்று கேட்கிறார். "நம்ம கோமுதான்" என்று மாமா சொல்கிறார். நான் அடக்கமாகச் சிரிக்கிறேன். "இப்படிப்பட்ட பொண்ணையா வேலைய வுடச் சொன்னேன்" என்று அத்தை உருகுகிறார். அந்த அடக்கமான சிரிப்பைக் கண்ணாடி முன் இரண்டு தரம் பழகியும் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தறிக்கொட்டகை வாசலில் நிறுத்தி ஆரம்பித்தேன். முதலில் ஃப்யூஸ், அது நன்றாக இருந்தது. அடுத்து ரிலே. ஹாரனுக்கும் அதே அளவு ரிலேதான் என்பதால் அதைப் பிடுங்கி இதில் போட்டுப் பார்த்தேன். (ஹாரன் இல்லாம வண்டி எப்டி ஓட்டறது என்று மாமா தவித்துப்போனார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.) அப்போதும் காற்று வரவில்லை. பின்பக்க பேனலைக் கழற்றி புளோயர் மோட்டாரை எடுத்து, பேட்டரியிலிருந்து நேராக கரண்ட் கொடுத்தேன். ஜம்மென்று சுற்றியது. அப்படியானால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, அதற்குக் கரண்ட்தான் போய்ச் சேரவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர் வந்தது. அதன் சாக்கெட் உருகி, தீய்ந்த வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கிடந்தது. வயரில் குத்திப் பார்க்க ஒரு பழைய ஊசியும் டெஸ்ட் லாம்பும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். இந்த வரியை எங்கள் வீட்டில் யாராவது சத்தமாகப் படித்தால் நன்றாக இருக்கும்.

புது ரெசிஸ்டரும் சாக்கெட்டும் வேலூரில் ஒரு பார்ட்ஸ் கடையில் கிடைத்தன. வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி ஷெட்டுக்கே வண்டியை வரவழைத்து மாட்டினேன். மோட்டார் ஓடியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

மோட்டாரிலிருந்து கூரைக்குக் காற்றைக் கொண்டுபோக ஒரு பிளாஸ்டிக் குழாய் உண்டு. அதன் இணைப்பில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச், மைசூர்பாகு மாதிரி உதிர்ந்துபோயிருந்தது. பாதிக் காற்று அந்த இடைவெளி வழியாகப் பேனலுக்குள்ளேயே வீணாகிக்கொண்டிருந்தது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கடைக்குப் போய் ஸ்பாஞ்ச் வாங்கியிருப்பார்கள். நான் ஆம்பூரில் வேலை பார்க்கிறவள். எங்கள் ஊர்களில் பீரோ கதவு ஆடினாலும், கட்டில் கால் தேய்ந்தாலும், டிபன் கேரியர் மூடி லூஸாக இருந்தாலும் ஒரே வைத்தியம்தான். ஒரு துண்டுத் தோலை வெட்டு, சொல்யூஷன் போட்டு ஒட்டு. சொல்யூஷன் என்பது ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற பசை. அதைவிடப் பலமான பொருள் உலகத்தில் இல்லை என்பது எங்கள் நம்பிக்கை.

ஷூவுக்கு உட்புறம் வைக்கும் லைனிங் தோல், மெல்லிசான ஆட்டுத்தோல், கழிவு மூட்டையில் கிடந்தது. விரல் அகலத்தில் எட்டுப் பட்டை வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் மேலுக்கு மேல் மூன்று கோட் சொல்யூஷன் தடவி, குழாயின் வாய்க்குள் வரிசையாக ஒட்டினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. எங்கள் செக்‌ஷன் இன்சார்ஜ் அன்வர் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா கோமதி, காருக்கே ஷூ போட்டுட்டியா?"

"ஏறி உக்காந்து பாருங்க பாய். காத்து வருதா சொல்லுங்க."

அன்வர் பாய், மாமா, நான் மூன்று பேரும் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, காற்றை நான்காம் நம்பரில் வைத்தோம். கூரையிலிருந்து சும்மா ஜில்லென்று வந்தது.

"சொல்யூஷன் வாசன எதுனா வருதா பாய்?"

அன்வர் பாய் நன்றாக இழுத்து மூச்சுவிட்டார். "இன்னா வாசன?"

"உங்களுக்கு மாமா?"

"ஒண்ணும் இல்லியே."

அன்வர் பாய்க்கு ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம். மாமா கெமிக்கல் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவர். நான் காலையிலிருந்து சாயந்தரம்வரை சொல்யூஷன் சட்டிக்குப் பத்தடி தள்ளி நிற்கிறவள். சோதனைக்கு உட்கார்ந்த மூன்று மூக்கில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் முதல் புடவையைத் தொட்டுவிட வேண்டும் என்பது அத்தையின் கண்டிப்பான உத்தரவு. ஆறு மணிக்கே குடியாத்தத்தில் கிளம்பி, கணியம்பாடியில் அவர்களை ஏற்றிக்கொண்டோம். மாமா ஓட்ட, பக்கத்தில் பிரபு. நடு சீட்டில் அத்தை, அவருடைய அக்கா பெரியம்மா, எங்கள் அம்மா. கடைசி சீட்டில் அப்பாவும் நானும், பிரபு வீட்டாருக்கு மரியாதை செய்ய அப்பா எடுத்துவந்த லுங்கிக் கட்டும். அத்தை எனக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொண்டை போட்டு, மல்லிகைப்பூ சுற்றியிருந்தார். அந்தக் கொண்டையைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

வேலூர் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. மாமா பின்பக்கக் காற்றைத் திறந்தார். அத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அட, மேலேர்ந்து வருது. நல்லா ஜில்லுனு கீதே."

"நம்ம கோமுதாங்க சரிபண்ணா" என்றார் மாமா, நான் மனதில் எழுதி வைத்திருந்த அதே வார்த்தையில்.

"இவளா?" என்று அத்தை திரும்பினார். நான் பழகி வைத்திருந்த அடக்கமான சிரிப்பைச் சிரித்தேன். "பரவால்லியே" என்றார். என் வாழ்க்கையில் அந்தப் பத்து நிமிஷம் மாதிரி வேறொன்று வந்ததில்லை, அதை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மேல்விஷாரம் நெருங்கும்போது பெரியம்மா மூக்கைச் சுளித்தார். "இன்னாடி ஒரு வாசன?"

"தோல் ஷாப்பு வாசனைங்க. ஊரு தாண்டுனா போய்டும்" என்றார் அம்மா.

ஊர் தாண்டியது. ஆற்காடு தாண்டியது. பாலாறு தாண்டியது. வாசனை கூடவே வந்தது. (மேல்விஷாரத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும். உங்கள் ஊர்மேல் அன்றைக்கு அநியாயமாகப் பழி போட்டோம்.) அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலை லேசாகச் சுற்றுகிறது என்றார். அதே நேரம் கூரைக்குள் படபடவென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது.

தொழில் தெரிந்தவளுக்கு சத்தத்திலேயே தெரிந்துவிடும். பட்டை பிய்ந்திருக்கிறது. பிய்ந்த பட்டை காற்றோடு மேலே ஏறி, கூரைத் துவாரத்துக்குப் பின்னால் வந்து ஆடுகிறது. மாமாவிடம் காற்றை நிறுத்தச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அத்தை கையைத் தூக்கி அந்தத் துவாரத்தைத் தன் பக்கமாகத் திருப்பினார். பொத்தென்று ஏதோ கொண்டையில் விழுந்தது.

"ராஜி, உன் தலையில இன்னாமோ ஒட்டினுகீது" என்றார் பெரியம்மா.

அத்தை தொட்டார். இழுத்தார். அது வரவில்லை, முடிதான் வந்தது. மூன்று கோட் சொல்யூஷன், அதுவும் வெயிலில் இளகியது.

"இன்னாக்கா இது, ரப்பரா?"

"தோலு மாதிரி கீது."

இங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து, ஒரு தொழிலாளிக்கே உரிய நேர்மையோடு, "லைனிங் தோலுங்க அத்தை. ஆட்டுத்தோலு. நல்ல குவாலிட்டி" என்றேன்.

"லைனிங்னா?"

"ஷூவுக்கு உள்ள வைப்பாங்களே, அது."

அத்தை கையைக் கொண்டையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினார்.

"செருப்புத் தோலா?"

"செருப்பு இல்லீங்க. ஷூ. எக்ஸ்போர்ட்டு."

அந்த நேரம் பார்த்து இரண்டாவது பட்டையும் விழுந்தது. இது நடுவகிட்டில், குங்குமத்துக்குப் பக்கத்தில்.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் அத்தை.

வாலாஜா தாண்டி ஒரு டீக்கடை. புளியமர நிழலில் மாமா ஓரங்கட்டினார். அத்தை இறங்கி நின்றார், தலையில் இரண்டு பட்டையோடு. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். அப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"முகூர்த்தப் பொடவ எடுக்கப் போற வழியில தலையில செருப்புத் தோலு விழுந்துகீது. இதுக்கு மேல நான் இன்னா சொல்ல? வண்டிய திருப்பச் சொல்லுங்க."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். மாமா தன் பங்குக்கு, "கேஸ் லீக்காவும்போது சில சமயம் இப்டி ஆவறதுண்டுங்க" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிரபு என் பக்கம் பார்க்கவில்லை என்று நினைத்தேன், அதில்தான் பாதி அழுகை. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது அத்தை இன்னும் ஒரு வார்த்தை சொன்னார். "இதுக்குத்தான் சொன்னேன், பொண்ணுக்கு இந்த வேலல்லாம் இன்னாத்துக்குன்னு."

என் அழுகை அந்த இடத்திலேயே நின்றுபோனது. பதிலுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

"அத்தை, தப்பு என்னுதுதான். பிளாஸ்டிக்க ரஃபிங் பண்ணாம ஒட்டிட்டேன்."

இதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். எதை ஒட்டுவதாக இருந்தாலும் முதலில் அந்தப் பரப்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். அதுதான் ரஃபிங். ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருவார்கள். அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. இந்த முழுக் கதையில் என் தப்பு அது ஒன்றுதான். (மூக்கு விஷயத் தப்பில் மூன்று பேருக்கும் பங்கு.)

"ஆனா ஒண்ணு கேக்கறேன் அத்தை. காத்து வராம தோலு எப்டி மேல ஏறும்? ஒரு வருஷமா வராத காத்து வந்துது. அதனாலதான் தோலு பறந்துது. ரெசிஸ்டர நான் சரியாத்தான் போட்டேன்."

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். பிரபு அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இருவது நிமிஷம் குடுங்க அத்தை. அப்புறம் வண்டிய எந்தப் பக்கம் வேணாலும் திருப்புங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் ஹேண்ட்பேகைத் திறந்தேன். என் ஹேண்ட்பேகில் அன்றும் இன்றும் நான்கு சாமான் இருக்கும். பவுடர், சீப்பு, ஸ்க்ரூடிரைவர், பத்தாம் நம்பர் ஸ்பேனர். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கதவைத் திறந்து பேனலுக்கு முன் மண்டியிட்டேன். பிரபு வந்து பக்கத்தில் குனிந்தார். செல்போன் டார்ச்சை அடித்துப் பிடித்துக்கொண்டு, "பத்தா, பன்னெண்டா?" என்று கேட்டார்.

நான் கல்யாணம் பண்ணிக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.

ஐந்து பட்டையைக் குழாயிலிருந்து உரித்தெடுத்தேன். சொல்யூஷனைச் சுத்தமாகச் சுரண்டினேன். இப்போது இணைப்பை எதால் அடைப்பது? அப்பா லுங்கிக் கட்டைப் பிரித்தார். நீலக் கட்டம் போட்ட புது லுங்கி ஒன்றை எடுத்து, பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தார். "இத்த இறுக்கிச் சுத்து. நெய்யும்போதே சொன்னேன், இது சீக்கிரம் கிழியாத ரகம்" என்றார். குழாயைச் சுற்றி நான்கு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் கூரையிலிருந்து காற்று வந்தது. வாசனை இல்லை. இந்தத் தடவை என் மூக்கை நம்பாமல் டீக்கடைக்காரரை ஏற்றி மோந்து பார்க்கச் சொன்னேன்.

இதற்குள் அம்மா, கடையில் சரமாகத் தொங்கிய தேங்காய் எண்ணெய் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்து அத்தையின் தலையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்று வரவேயில்லை. கடைசியில் பெரியம்மா கடைக்காரரின் கத்தரிக்கோலை வாங்கி, கொஞ்சம் முடியோடு சேர்த்து வெட்டினார். எண்ணெயும் பசையுமாக அந்தத் தலையோடு பட்டுப்புடவைக் கடைக்குள் போனால் யாரும் புடவையைப் பிரித்துக் காட்டமாட்டார்கள். அதனால் மிச்ச லுங்கியை அத்தையின் தலையில் முண்டாசாகக் கட்டினார்கள்.

அத்தை வண்டியில் ஏறினார். கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலத்துக்குள்ள போவ முடியுமா?" என்று மாமாவிடம் கேட்டார். வண்டியைத் திருப்பச் சொல்லவும் இல்லை, என்னிடம் பேசவும் இல்லை. காஞ்சிபுரம்வரை நான் அந்த நீலக் கட்டங்களை எண்ணிக்கொண்டு போனேன்.

பத்து இருபதுக்குக் கடைக்குள் நுழைந்தோம். கல்யாணக் கூட்டம். பட்டும் நகையுமாகப் பத்துப் பதினைந்து சம்பந்திகள் உட்கார்ந்திருக்க, நடுவில் எங்கள் சம்பந்தி மட்டும் தலையில் லுங்கியோடு. அத்தை நேராகப் போய் சிவப்பில் ஒரு புடவையைத் தொட்டார். புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"தலையில அடி ஏதாவது பட்டுடுச்சாம்மா?"

"ஆமா" என்றார் அத்தை, புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மருமக அடிச்சது."

மருமகள். காலையிலிருந்து நின்றிருந்த மூச்சு எனக்கு அப்போதுதான் வந்தது. அம்மா மறுபடியும் அழுதார், இது வேறு அழுகை. அப்பாவுக்கு அந்தச் சந்தோஷத்தில் எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "சம்பந்தி, அந்த வேல விஷயம்..." என்று இழுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இன்றைக்காவது தள்ளிப்போடக் கூடாதா என்று.

அத்தை முண்டாசைச் சரிசெய்துகொண்டார்.

"தாராளமா வேலைக்குப் போவட்டும். ஒரு நாள்கூட லீவு போட வேணாம்னு சொல்லுங்க. இவ வூட்ல இருந்தா எங்க வூட்ல இருக்கற மிக்ஸி, கிரைண்டரு, ஃப்ரிட்ஜி ஒண்ணு தேறாது. எல்லாத்தையும் கழட்டி செருப்ப ஒட்டி வச்சிடுவா. அந்தக் கம்பெனிக்காரங்களாச்சு, அவங்க மெஷினாச்சு."

இதுதான் எனக்குக் கிடைத்த அனுமதி. வாழ்த்தா வசவா என்று நான் ஆராயவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. அன்வர் பாய் ரிட்டயர் ஆகிவிட்டார், அவர் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். மாமாவின் கப்பலில் பின்பக்கக் காற்று அதே ரெசிஸ்டரில், குழாயில் சுற்றிய அதே குடியாத்தம் லுங்கித் துணியோடு வருகிறது. மாமா யாரிடம் சொன்னாலும், கேஸ் அடைத்ததில் சரியாகிவிட்டது என்றுதான் சொல்கிறார். ஒட்டியது எட்டுப் பட்டை, அத்தை தலையில் விழுந்தது இரண்டு, நான் எடுத்தது ஐந்து. எட்டாவது பட்டை இன்னும் அந்தக் கூரைக்குள் எங்கோ இருக்கிறது. அந்த வண்டியில் ஏறும் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும், எந்த வெயிலாக இருந்தாலும், நடு சீட்டில் அத்தையின் இடத்தில் உட்காருவதில்லை.

அத்தை அந்த முண்டாசு லுங்கியைத் துவைத்து மடித்துச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறார். வீட்டில் எது நின்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார், வெளியாளைக் கூப்பிட விடுவதில்லை. போன வாரம்கூட கிரைண்டர் சுற்றவில்லை என்று ஆம்பூருக்கே போன் செய்தார். வந்து, பையை வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அத்தை எழுந்து போய் அலமாரியைத் திறந்து, நீலக் கட்டம் போட்ட அந்தத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ம், இப்ப கழட்டு" என்றார்.

கட்டிக்கொள்ளட்டும். கிரைண்டரில் பெல்ட்தான் போயிருந்தது.